நகத்தளவு வால்

மீனைப் பிடித்து, வாலோரத்தில் நகத்தளவு வெட்டிக்கொண்டு, மறுபடியும் அதே ஆற்றில் விடுகிற வேலைக்கு எம்.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். நான் தேறியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தேன். தற்காலிகம்தான். அவ்வப்போது வேலை முடிந்துபோகும்; பிறகு நீட்டிப்பு உத்தரவு வரும்; இரண்டுக்கும் நடுவில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைப் புண்ணியத்துக்குச் செய்துகொண்டிருப்போம். இதைப் படிக்கிறவர்களில் அப்படி உட்கார்ந்தவர்கள் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பாக்கியசாலிகள்.

எங்கள் திட்டத்துக்குத் தலைவர் மாதவன் சார். மலையாளி. சென்னையில் படித்தவர் என்பதால் என்னோடு தமிழில்தான் பேசுவார். ஸ்காட்லாந்தில் சில வருஷம் காட்டாற்று டிரவுட் மீன்களின் பரம்பரையை ஆராய்ந்துவிட்டு வந்திருந்தார். அங்கே ஒவ்வொரு ஆற்று டிரவுட்டும் ஒரு தனி வம்சமாம். தூண்டில் போடுகிற கனவான்களுக்கு மீன் போதவில்லை என்று பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை ஆறு ஆறாகக் கொட்டியிருக்கிறார்கள். சில ஆறுகளில் பழைய வம்சம் புதியதில் கரைந்தே போய்விட்டதாம். நம்மூர் ஆறுகளில் அது நடக்கக் கூடாது, நடப்பதற்குள் எந்த ஓடையில் எந்த வம்சம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்த ஆசைக்குத்தான் நான் கத்தரிக்கோல் பிடித்தேன்.

பாடாத குயில்

பொன்முடிக்குப் போகிற வழியில், மலை ஏறுவதற்கு முன்னால் கல்லாறு. அங்கே உள்ளவர்கள் எங்கள் மீனைக் குயில் என்பார்கள். பாடாது. பெரிய செதிலுள்ள மலையாற்றுக் கெண்டை அது. வெள்ளைக்காரர்கள் புத்தகத்தில் மகசீர் என்று எழுதியிருக்கிறது. ஆற்றோரமாக மேலே நடந்தால் ஒரு கிளையோடை வரும். ஓடைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு பாறை. தண்ணீர் அதிலிருந்து நேராகக் கீழே விழும். கீழ் மீன் மேலே ஏற வழியில்லை. மேல் மீன் எத்தனை காலமாகத் தனியாக இருக்கிறதோ தெரியாது. சாருக்கு வேண்டியது அந்த மேல் மீன்தான்.

முதல் நாள் வலை வீச வந்தவன் தங்கராஜ். பொன்முடி தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம். கல்லாற்றில் வீடு கட்டிக்கொண்டு மீனும் பிடிப்பான், சுற்றுலா வருகிறவர்களுக்கு வழியும் காட்டுவான். அவன் பிடிக்க, நான் வால் நுனியை வெட்டிச் சிறு குப்பியில் ஸ்பிரிட்டில் போட, சார் மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்து அது திமிறியதும் விடுவார். வால் மறுபடி வளர்ந்துவிடும். மத்தியானம் ஆற்றங்கரை டீக்கடைக்கு இறங்கி வந்தோம். கடைக்கார சரோஜினி அக்கா, ஜீப்பில் ஆபீசர்மார் மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மசாலா அரைத்துச் சட்டியை அடுப்பில் வைத்திருந்தார். நாங்கள் வெறுங்கையோடு வந்து நின்றதையும் காரணத்தையும் கேட்டு அடுப்பைத் தணித்தார். "விடறதுக்குன்னா எதுக்குப் பிடிச்சது? அது அங்கதானே இருந்தது!"

பஸ்ஸில் ஒரு மணம்

ஜீப்புக்கு டீசல் இல்லாத நாட்களில் குப்பிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நகரத்துத் தம்பானூர் நிலையத்துக்குத் திரும்புவேன். அப்படி ஒரு நாள் நெடுமங்காட்டைத் தாண்டியதும் ஸ்பிரிட் மணம் கமழ ஆரம்பித்தது. ஏதோ ஒரு குப்பியின் மூடி நெகிழ்ந்திருக்கிறது. கேரளத்தில் சாராயக் கடைகளை மூடியிருந்த சமயம். பஸ்ஸிலிருந்த ஆண்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் பார்த்தார்கள். கண்டக்டர் பின்பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எழுப்பி, வாயை ஊதச் சொன்னார். அவர் பாவம், வெற்றிலை மட்டும்தான் போட்டிருந்தார்.

தலையில் பூவும் மடியில் பையுமாக உட்கார்ந்திருந்த என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பெரியவரைப் பார்க்கப் பொறுக்காமல் நானே எழுந்து, பையைத் திறந்து காட்டி, இது ஆராய்ச்சி, ஸ்பிரிட்டுக்குள்ளே இருப்பது மீன் வால் என்றேன். கண்டக்டர் ஒரு குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பஸ் முழுவதற்கும் கேட்கச் சொன்னார்: "தொட்டுக்க மீனும் உண்டோ சேச்சி? அப்ப முழு ஏற்பாடுதான்!"

பூட்டுக்கு உள்ள நியாயம்

வால் நுனியிலிருந்து டி.என்.ஏ. என்கிற உயிரின் சரக்கைப் பிரித்தெடுத்து, ஜெல்லில் ஓடவிட்டுப் படம் எடுத்தால் கோடுகோடாகத் தெரியும். கைரேகை மாதிரிதான். மேலோடை மீன்களின் கோடுகள் முதல்முதலாக வந்த அன்று சார் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றார். கீழாற்றுக் குயிலில் இல்லாத கோடுகள். வேறு எந்த ஆற்று மீனிலும் நாங்கள் பார்க்காத கோடுகள். அதுவும் ஒரே மாதிரி இல்லை. ஓடைக்குள்ளேயே மீனுக்கு மீன் விதவிதமாக இருந்தன. அவருடைய டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. எனக்கும் சந்தோஷத்தில் அழுகை வந்தது. பிறந்த ஊரைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு கூட்டத்தை அடையாளம் கண்டுவிட்டோம் என்ற சந்தோஷம்.

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. நாஞ்சில்நாட்டுச் சைவக் குடும்பம். மீன் வாடையோடு வருகிற என்னைக் கொல்லைக் குழாயடியில் குளித்த பிறகுதான் அம்மா உள்ளே விடுவாள். அன்று குளித்த ஈரத்தோடு அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சாலையில் அவருக்கு இரும்புக்கடை: பூட்டு, தாழ்ப்பாள், ஆணி. வித்தியாசமாக இருப்பதில் என்ன பெருமை என்று கேட்டார். யோசித்து, பூட்டு வழியாகவே போனேன். "ஒருக்கா வடக்கேருந்து வந்த பூட்டு எல்லாம் ஒரே சாவிக்குத் தொறந்துச்சுன்னு திருப்பிக் கொண்டு வந்தாங்கள்லாப்பா? மீனும் அப்படித்தான். எல்லாம் ஒண்ணுபோல இருந்தா ஒரு சீக்கு வந்தாப் போதும், மொத்தமும் போயிரும். விதவிதமா இருந்தா கொஞ்சமாவது பிழைக்கும்." அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டது, பலே என்று தொடையைத் தட்டினார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம் என்று, எனக்கு நிச்சயம் செய்யப் பார்த்துக்கொண்டிருந்த நாகர்கோவில் அத்தை மகன் பேச்சையும் எடுத்தேன். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கட்டுவதும் அதே கதைதானே என்றேன். அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். "அது பூட்டுக்கு உள்ள நியாயம், மக்ளே. பூட்டுக்கு அத்தை மகன் கிடையாதுல்லா?"

ஊசி போட்ட மீன்

வால் வெட்டுப்பட்ட மீன்கள் ஊரார் வலையிலும் விழ ஆரம்பித்தன. அதை வைத்து ஒரு வதந்தி கிளம்பியது. சர்க்கார்காரர்கள் மீனுக்கு ஏதோ மருந்து குத்திவிடுகிறார்கள், அடையாளத்துக்குத்தான் வால் வெட்டு, தின்றால் குடல் வெந்துபோகும் என்று. மேலோடைப் பக்கம் யாரும் வலையோடு போகவில்லை. தண்ணீரில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்கிற இளவட்டங்கள்கூட வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு பருவம் முழுக்க நாங்கள் போகும்போதெல்லாம் மடுவில் குயில்கள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. லட்சக்கணக்கில் செலவு செய்து அரசாங்கம் கொடுக்க முடியாத காவலை ஒரு வதந்தி இலவசமாகக் கொடுத்தது.

சாருக்கு அது பொறுக்கவில்லை. பொய்யின் நிழலில் உண்மை வளரக் கூடாது என்பது அவருடைய கட்சி. "சாரைக் கொஞ்சம் மிண்டாம, வாயைத் திறக்காம இருக்கச் சொல்லுங்கக்கா" என்று தங்கராஜ் என்னிடம் கெஞ்சினான். நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. டீக்கடை பெஞ்சில் ஊர்க்காரர்களை உட்காரவைத்து, பொறுமையாக, அழகான மலையாளத்தில் விளக்கினார்: மருந்து இல்லை, ஊசி இல்லை, வெட்டின வால் வளர்ந்துவிடும், மீனால் மனிதருக்கு ஒரு கெடுதலும் வராது. எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த முறை போனபோது மடு காலியாகக் கிடந்தது. நாள் முழுக்க வலை வீசியும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் கிடைத்தது. சரோஜினி அக்கா சாருக்கு ஏலக்காய் போட்ட டீயைக் கொண்டுவந்து வைத்தார். "சார் சொன்னது சத்தியம் கேட்டோ. ஒரு கெடுதியும் இல்ல. நாங்க எல்லாரும் தின்னு பார்த்தாச்சு."

ஒரு சீசன் பொறு

அதன் பிறகுதான் சார் பதறினார். மீன்வளத் துறைக்கு உடனே ஓர் இடைக்கால அறிக்கை அனுப்ப முடிவு செய்தார். நான் தட்டச்சு செய்தேன். மேலோடைக் குயில் தனி வம்சம், வெளி மீன் எதையும் அதில் கலக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே அடித்திருந்தேன். சார் சிவப்புப் பேனாவால் அந்தப் பத்தியை அடித்தார். மாதிரிகள் போதாதாம். கொஞ்சம் வாலை வைத்துக்கொண்டு தனி வம்சம் என்று எழுதினால் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்களாம். எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. வீடு தீப்பற்றி எரிந்தாலும், போதுமான அளவு எரிந்த பிறகுதான் தீ என்று எழுதுவோம்.

கடைசியில் அறிக்கையில் மிஞ்சியது இவ்வளவுதான்: மேலோடையில் குயில் மீனின் எண்ணிக்கை மிகக் குறைவு, அவசர நடவடிக்கை தேவை. நாங்கள் மனதில் வைத்திருந்த நடவடிக்கை, தோட்டாவைத் தடுப்பது, முட்டையிடும் காலத்தில் வலையைத் தடுப்பது. அதையும் விவரமாக இறுதி அறிக்கையில் எழுதலாம் என்றார். வம்சத்தைப் பற்றி ஒரு வரியாவது போடலாமே சார் என்று கெஞ்சினேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "ஒரு சீசன் பொறு, அம்பிகா. சயன்ஸுக்கு அவசரம் ஆகாது."

செண்டை

மழைக்காலம் முடிந்ததும் துறையிலிருந்து ஓர் அழைப்பிதழ் வந்தது. கல்லாற்றில் மீன் குஞ்சு விடும் விழா. அனைவரும் வருக. கீழாற்றில் எங்கேயோ விடப்போகிறார்கள் என்று நினைத்து, மரியாதைக்காகப் போனோம். கல்லாற்றில் ஜீப்பை விட்டு இறங்கியபோது செண்டைச் சத்தம் மலைக்கு மேலிருந்து கேட்டது. சார் என்னைப் பார்த்தார். பிறகு ஓட ஆரம்பித்தார். அந்த வயதில், அந்தச் செருப்போடு, பாறை மேல் அவர் ஓடியதை என்னால் மறக்க முடியவில்லை.

மேலோடைக் கரையில் வாழை கட்டி, பந்தல் போட்டிருந்தார்கள். தோட்டத்துப் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு லாரி வந்திருந்தது. எந்தக் காலத்திலும் எந்த மீனும் ஏறாத பாறையை லாரி ஏறிவிட்டது. பிராணவாயு அடைத்த பாலிதீன் பைகளில் விரல் நீளக் குஞ்சுகள். துறையின் மீன் பண்ணை அதிகாரி, நல்ல மனிதர், வியர்க்க வியர்க்க ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்தார். சார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே வேண்டாம், கீழே விடுங்கள், உங்களைக் கும்பிடுகிறேன் என்றார். வெயிலில் ஓடி வந்ததில் கிறுகிறுப்பு என்று நினைத்து அதிகாரி அவருக்கு இளநீர் வரவழைத்தார். குஞ்சுகள் எந்த ஆற்று வம்சம், எத்தனை தாய் மீனிலிருந்து எடுத்தது என்று சார் மூச்சு வாங்கியபடி கேட்டார். அதிகாரி ஒரு பையைத் தூக்கி, வெயிலில் மின்னுகிற குஞ்சுகளைப் பெருமையோடு காட்டினார். "வடக்க ஒரு பண்ணையில இருந்து சார். எல்லாம் ஒரே தாய் பெத்தது, நல்ல லட்சணமான மீனு. ஒண்ணுக்கொண்ணு ஒரு வித்தியாசம் காண முடியாது!"

பொன்னாடை

பைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். குஞ்சுகள் கொஞ்ச நேரம் கரையோரமே மொய்த்துக்கொண்டிருந்தன. பிறகு மடுவுக்குள் போய்விட்டன. தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படி? அப்பா கடையில் திருகாணி கலந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பொறுக்கிப் பிரிக்கலாம். பாலில் கலந்த பாலை யார் பிரிப்பது? சார் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்காட்லாந்தில் நடந்து முடிந்த பிறகு போய்ப் பார்த்தவர். இங்கே நடக்கிற நேரத்திலேயே இருந்து பார்த்தார்.

அவரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் அசையவில்லை, இரண்டு பேர் வந்து கைத்தாங்கலாக அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஏன் இத்தனை மரியாதை என்று எனக்குப் புரியவில்லை. அதிகாரி மைக்கைப் பிடித்தார். மலையாளத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். பேசி முடித்ததும் கூட்டம் கைதட்டியது; பழக்க தோஷத்தில் நானும் தட்டினேன், அந்தச் சத்தம் இன்னும் என் கையில் இருக்கிறது. "இந்த ஓடையில் மீன் குறைவு, அவசர நடவடிக்கை வேண்டும் என்று அறிக்கை எழுதியது மாதவன் சார், அவர் இல்லையென்றால் இப்படி ஓர் ஓடை இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது!"

இப்போது மீன் நிறைய

நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக நான் இரண்டாயிரத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்தேன். அத்தை மகன் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். சாருக்கு வேண்டிய மாதிரிகள் எல்லாம் சேர்ந்தன. வருஷா வருஷம் மேலோடைக்குப் போய் வால் வெட்டினோம். முதலில் பழைய கோடும் புதுக் கோடும் தனித்தனி மீன்களில் தெரிந்தன. பிறகு பிறந்த குஞ்சுகளில் இரண்டும் சேர்ந்து தெரிந்தன. பிறகு வந்த படங்களில் பழைய கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சார் ஓய்வு பெறுகிற வருஷம், மேலோடைக் குயில் தனி வம்சம் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானது. கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிரதியை என் மேஜையில் வைத்துவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வம்சத்தில் கலப்பில்லாமல் மிஞ்சியது எங்கள் ஃப்ரீசரில் குப்பிகளில் இருக்கிற நகத்தளவு வால்கள்தான். கோடு கேட்டால் கோடு கொடுக்கும். நீந்தாது. எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அது. சரோஜினி அக்கா முதல் நாளே சொன்னார், அது அங்கதானே இருந்தது என்று. கடைசியாகப் போனபோது தங்கராஜ் என்னை மேல் மடுவுக்குக் கூட்டிப் போய், பொரியை அள்ளி வீசினான். மடு கொள்ளாத மீன். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், போட்டி போட்டுக்கொண்டு வாயைத் திறந்தன. நான் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார் எழுதினபடியே ஆச்சுல்லோ அக்கா, இப்ப மீனுக்குக் குறைவே இல்ல. பின்ன எந்துக்கு இந்த சங்கடம்?"

எங்கள் கூடத்திலிருந்து துறைக்கு நாங்கள் அனுப்பிய அத்தனை அறிக்கைகளிலும், எழுதிய எழுத்துக்கு மதிப்புக் கொடுத்து உடனடியாக நடவடிக்கை எடுக்கப்பட்டது அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.